அறுநூற்றுத் தொண்ணூறு

ஜனவரி 2, வெள்ளி

பெனிட்டாவுக்கு இன்றும் காய்ச்சல் 102. டெங்கு என்று நேற்றே தெரிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் லேபில் நானே ரத்தம் எடுத்து, நானே பார்த்தேன். தட்டணுக்கள் எண்பத்தெட்டாயிரம். இருபத்திரண்டு வருடமாக ஊர் முழுக்க ஊசி போட்ட கை, பெற்ற பிள்ளையின் நரம்பைத் தேடித் தடுமாறியது.

காலை பத்தரைக்குள் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போயாக வேண்டும். அங்கே இன்னும் புத்தாண்டு நாள் முடியவில்லையாம். மலைக்கோட்டைப் பாறைக்கு என்ன வயது என்று ஆறாம் வகுப்பில் கேட்டு யாரும் பதில் சொல்லாததைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை, ஆசிரியர்களின் கடிதங்கள் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தன. மிச்சம் எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் பக்கமும் கடைசிக் கையெழுத்தும்தான். எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடியே சொன்னாள்.

"ரெண்டே கட்டம்தாம்மா. இங்கிலீஷ் 620, மேத்ஸ் 690. அப்படியே போட்டு, கடைசில என் பேர டைப் பண்ணி அனுப்பிடு."

"மார்க் ஷீட் எதுவும் வைக்க வேணாமா?"

"இப்ப வேணாம். நாம சொல்றத நம்புவாங்க. சீட்டு கெடைச்சா அப்பறமா பரீட்சை நடத்துனவங்ககிட்டேருந்து நேரா போகணும்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புக்கு முதல் ஷிப்ட் போயிருந்தார். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கல்லூரியின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். போன வருடம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 1400க்கு மேல். பெனிக்கு 1310.

ஒன்பது ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜனவரி 3, சனி

தட்டணுக்கள் எழுபத்தொன்பதாயிரம். வேறு எதையும் நினைக்க நேரமில்லை. அதுவும் நல்லதுதான்.

ஜனவரி 9, வெள்ளி

பெனி எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஆண்டவருக்கு நன்றி.

லேபுக்கு லால்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குவைத்துக்கு டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது, மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9 என்று வந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் நின்றார்.

"அக்கா, ஒரே ஒரு நம்பர். எட்ட ஆறாக்கிக் குடுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுக்கா."

"அங்க போயி மயங்கி விழுந்தா யாரு பாப்பா ஒங்கள? மொதல்ல மருந்து சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"அதுக்குள்ள வேல போயிரும்."

"நான் இதுவரைக்கும் ஒரு நம்பரையும் மாத்துனதில்ல தம்பி."

அவர் போன பிறகு கையைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவியிருப்பேன் போல. கூட வேலை செய்கிற பெண் "என்னாச்சு மேடம்" என்று கேட்டாள். லேபில் நான் எந்த எண்ணையும் மாற்றியதில்லை. அது உண்மை.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெனி கேட்டாள். "அம்மா, அனுப்புன அப்ளிகேஷன ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கலாமா?"

"பிரிண்டர்ல மை இல்ல" என்றேன். உடனே வந்துவிட்டது வாயில்.

"சரி விடு. நீதான் பாத்துட்டியே."

அவள் நினைத்தால் எந்த நிமிடமும் திறந்து பார்க்கலாம். அவளுடைய கணக்கு, அவளுடைய கடவுச்சொல். திறக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதால் திறக்கவில்லை. இந்த டைரியைக்கூட இனி மருந்துப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

சாப்பிடும்போது பெனி பள்ளிக் கதை சொன்னாள். வெளிநாட்டுக்கு விண்ணப்பித்த ஆறு பேரையும் தலைமை ஆசிரியை சிஸ்டர் கூப்பிட்டுப் பேசினாராம். வேறொரு ஊரில் ஒரு பையன் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு, சீட்டும் கிடைத்து, விமான டிக்கெட் எடுத்த பிறகு மாட்டிக்கொண்டானாம்.

"எப்படிம்மா அவ்ளோ தைரியம் வருது? நமக்கெல்லாம் மடியில கனமே இல்லன்னாலும் பயமா இருக்கு."

அவர் சிரித்தார். "நம்ம புள்ளைக்கு என்னம்மா பயம்?"

"ரசம் ஊத்தட்டுமா?" என்றேன். இருவருமே என்னைப் பார்த்தார்கள். பெனியின் தட்டில் ஏற்கெனவே மோர் ஊற்றியிருந்தது.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் டீயை விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டேன். கல்லூரி அவளை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 14, சனி

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர். வரிசை நகர நகரக் கால் பின்னால் இழுத்தது. முழங்காலிட்டுச் சொன்னேன்: வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டைப் பற்றிப் புறம் பேசினேன்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சாமி."

"மனசுல ஏதோ இருக்கற மாதிரி இருக்கு."

"பொண்ணுக்குப் பரிட்சை நடக்குது சாமி. அந்தக் கவலை."

அவர் மன்னிப்பு வழங்கினார். வெளியே வந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி தூரம் நடந்துவிட்டேன். திரும்பிப் போய் மாற்ற வேண்டியிருந்தது.

மார்ச் 27, வெள்ளி

கிடைத்துவிட்டது.

காலை ஆறு மணிக்குப் பெனி போட்ட சத்தத்தில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். முழு உதவித்தொகை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இறந்தபோதுகூட இல்லை. இன்று பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். பெனி என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"அம்மா, நீ மட்டும் அன்னைக்கு அனுப்பலன்னா?"

கடிதத்தை வாங்கிப் படித்தேன். வாழ்த்து ஒரு பக்கம். கடைசியில் ஒரு வரி: மே ஒன்றாம் தேதிக்குள் அதிகாரபூர்வ மதிப்பெண் வந்து சேர வேண்டும், விண்ணப்பத்தில் சொன்னதோடு அது ஒத்திருக்க வேண்டும். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

அவர் இரண்டு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் பெனியின் பெயரைச் சொன்னார். கோவில் முழுக்கக் கை தட்டியது. எல்லோரும் குருத்தோலையை ஆட்டினார்கள். வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தா இப்படிப் பெக்கணும் ஜெசிந்தா" என்கிறார்கள். கை ஜில்லென்று இருக்கிறதே என்றும் ஒருத்தி கேட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

"மார்க்க அனுப்பிடுறேம்மா. அஞ்சு நிமிஷ வேல" என்றாள் பெனி.

"மே வரைக்கும் டைம் இருக்குல்ல. ஈஸ்டர் முடியட்டும்."

"ஏன்?"

"சொன்னா கேளு."

முகம் சுருங்கிப் போனாள்.

எழுதிவிடுகிறேன். அன்று ஒரு எண் விரல் தவறி விழுந்துவிட்டது. 690 என்பதற்கு 790. ஆறுக்குப் பக்கத்தில்தான் ஏழு இருக்கிறது. யாருக்கும் நடக்கக்கூடியது. கல்லூரிக்கு அப்படியே எழுதினால் நம்புவார்கள் அல்லவா? டெங்குக் காய்ச்சல், அவசரம், தட்டச்சுப் பழக்கமில்லாத அம்மா. நம்புவார்கள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

நான் இன்று செய்தது இதுதான். காலையில் காப்பி கொடுக்கும்போது பெனியிடம் சொன்னேன்: "அமெரிக்கா வேணாம். இங்கயே படி."

அவள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

"நெஜமாத்தான் சொல்றேன். அவ்ளோ தூரம் ஒன்ன அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது."

"மூணு மாசமா நான் எழுதும்போது பக்கத்துலதான இருந்த? அப்ப தூரம் தெரியலையா?"

அவர் குளித்துவிட்டு வந்து விஷயம் தெரிந்ததும் கத்தினார். "என்ன ஜெசி, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அவ தலையில மண்ணள்ளிப் போடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

பதினெட்டு வருடத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்கட்டும் என்று நின்றேன். கெட்ட தாய் என்று நினைத்துக்கொள்ளட்டும். போகாவிட்டால் மதிப்பெண் அனுப்ப வேண்டாம். அனுப்பாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்து மூன்று பேரும் கஞ்சி குடித்தோம். அவர் எழுந்து போன பிறகு பெனி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நெறைய யோசிச்சேம்மா. ஒனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. தூக்கமே இல்லாம ஒடம்பு பாதியாயிட்ட. ஜனவரிலேருந்தே பாக்குறேன். நான் போறேன்னுதான் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்திருக்க."

"பெனி..."

"வேணாம்னு எழுதிடுறேன். ஈஸ்டர் முடிஞ்சு எழுதிடுறேன். நீ சாப்பிடு, தூங்கு. போதும்."

என் கஞ்சிக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்பதுபோல இப்போது ஒரு பயம் வருகிறது. இவள் எனக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்துவிடுவாள். காரணம் தெரியாமலே கொடுத்துவிடுவாள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் முப்பது வருடம் இவளுக்குச் சோறு போட வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

விரல் தவறவில்லை.

690 என்றுதான் முதலில் அடித்தேன். கீழே கூட்டுத்தொகை 1310 என்று வந்தது. கல்லூரிப் பக்கத்தில் பார்த்த 1400 கண்ணிலேயே நின்றது. ஆறை அழித்தேன். ஏழை அடித்தேன். 1410 என்று ஆனது. எழுந்து போய்ப் பெனியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதும் மாற்றியிருக்கலாம். 'மேலே சொன்னவை அனைத்தும் உண்மை, என் சொந்தப் பொறுப்பில் சொல்கிறேன்' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு, அவள் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தேன்.

மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். இங்கே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்து, மற்றத் துணிகளின் மேல் வைத்தாள்.

"எத்தன போட்ட?"

"790."

"நூறு மார்க்கு."

"ம்."

"எதுக்கும்மா?"

"பயம். 1310 பாத்துட்டு ஒன்ன வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. லேபில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்ததும் சிலர் அப்படிப் பார்ப்பார்கள்.

"அவங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிட்ட" என்றாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

அல்லேலூயா. அவள் கோவிலுக்கு வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அவரிடம் பெனி முன்னாலேயே சொன்னேன். ரேடியோவை நிறுத்தினார்.

"ஒர்க் ஷாப்ல லட்டு குடுத்தேன். அவனுங்க மூஞ்சில எப்படியாவது முழிச்சிருவேன். நீ இவ மூஞ்சில முழிக்கணுமே ஜெசி. அத யோசிச்சியா?"

மெல்லச் சொன்னேன். "காய்ச்சல், அவசரம்... விரல் தவறிருச்சுன்னு எழுதுனா நம்ப வாய்ப்பிருக்கு. ஒரு எண்ணுதான." கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். அவளுக்குச் சீட்டு நிலைக்க அது ஒன்றுதான் வழி.

அவர் பெனியைப் பார்த்தார். அவருக்கும் ஆசை இருந்தது. கண்ணில் தெரிந்தது.

பெனி நகத்தைக் கடித்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளை, அந்த ஊரின் பனியையும் பாறையையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற பிள்ளை. அவளும் ஒரு நிமிடம் அந்த வழியை நினைத்துப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்படி எழுதிட்டுப் போனா, அங்க நாலு வருஷமும் நான் ஒன்ன மாதிரியே இருக்கணும்மா. இந்த மூணு மாசம் நீ இருந்தியே, அப்படி" என்றாள்.

கடிதத்தை அவளே எழுதினாள். மதிப்பெண் 690தான், 790 அல்ல, கையெழுத்தும் தன்னுடையது அல்ல என்று. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள். "கீழ நீ எழுது. ஒன் வார்த்தையில." நான் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். தெரிந்தே மாற்றினேன் என்று எழுதினேன். என் பெயரைப் போட்டேன். அனுப்பும் பொத்தானை அவள் அழுத்தினாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பெனி கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள்.

ஏப்ரல் 11, சனி

பதில் இல்லை. அவளுடைய செல்போன் ஒலிக்கும்போதெல்லாம் வீட்டில் மூவரும் அசையாமல் நிற்கிறோம். லேபில் இன்று ஒரு பெரியவரின் ரத்தக் குப்பியைக் கீழே போட்டு உடைத்தேன். அந்தப் பெரியவரைத் திரும்ப உட்காரவைத்து ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார்.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்தது. பெனியே எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னாள்.

உண்மையை நீங்களாகவே எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதை நம்புகிறோம். ஆனால் மாணவர் கையெழுத்தை நம்பித்தான் நாங்கள் எல்லா விண்ணப்பங்களையும் படிக்கிறோம். உங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கையெழுத்து இல்லை. அதனால் இடத்தைத் திரும்பப் பெறுகிறோம். அடுத்த வருடம் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். நீங்கள் எழுதிய கடிதம் அப்போது உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படாது.

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு. "1310ன்னே போட்டிருந்தா எடுத்திருப்பாங்களா பெனி? எழுதிக் கேக்கலாமா?"

"அத இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. அவங்களாலயும் முடியாது. அதத்தான் நீ எடுத்துட்ட."

சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கிழிக்காமல், நான்கு மூலையிலும் நகத்தால் சுரண்டி எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோவிலில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், பொண்ணு எப்பக் கிளம்புது என்று. "போகல" என்றேன். "ஏன்?" என்றார். நான் விண்ணப்பத்தில் பொய் எண் போட்டேன், அதனால் போகவில்லை என்றேன். அந்த அம்மாள் என் கையை விட்டார். அடுத்த வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைதான் ஏதோ தில்லுமுல்லு செய்தாள் என்று ஊர் பேசுவதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும்.

மே 9, சனி

பிளஸ் டூ முடிவு நேற்று வந்தது. பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நிலவியல் இருக்கிறதாம். இன்று காலை பெனி விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். இந்த ஒரு மாதமாக அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால் நான் அந்த அறைக்குப் போவதில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா. இங்க வா."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மதிப்பெண் பட்டியலை நீட்டினாள்.

"நீ படி. நான் டைப் பண்றேன்."

வாங்கினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தமிழ், தொண்ணூத்தி ரெண்டு. இங்கிலீஷ், தொண்ணூத்தி அஞ்சு. இயற்பியல், தொண்ணூத்தி ஒண்ணு. வேதியியல், எண்பத்தி எட்டு. உயிரியல், தொண்ணூறு."

கணக்கில் குரல் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விசைகளின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

"கணக்கு... எண்பத்தி ஏழு."

அடித்தாள். கடைசியில் பெற்றோர் உறுதிமொழி ஒன்று இருந்தது. எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள். கட்டத்தைத் தட்டி, ஜெசிந்தா ஆரோக்கியசாமி என்று என் பெயரை அடித்தேன்.

பெனி என் கையிலிருந்த பட்டியலை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். என் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொரு பாடமாக விரலை வைத்து, பட்டியலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து வந்தாள். ஆறு எண்களையும் பார்த்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அவள் முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.